சங்கு ஊதினால் வரும் மீன்கள்

அன்பு மருமகளே,

யாரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்! நம் மீன்குட்டைக்கு மானியம் தரலாமா என்று பார்க்க மீன்வளத்துறை அம்மா வந்தார். மூன்று முறை வலை வீசியும் ஒரு மீன் சிக்கவில்லை.

"இன்னாங்க, வெறும் தண்ணிக்கா மானியம் கேக்குறீங்க?" என்றார்.

மானியம் கிடைக்காவிட்டால் நிலத்தை லாரி நிறுத்துமிடத்துக்கு விற்றாக வேண்டும்.

அந்நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில் இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதியது. தினமும் நான் தீனி போடும் நேரம்! யானைக்குட்டி அளவில் ஆயிரம் கட்லா மீன்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு, வரிசையில் வந்து நின்றன! ஒன்று ஓவர்டைம் சம்பளம்கூடக் கேட்டது!

சரி, சரி, முறைக்காதே. உள்ளங்கை அளவு மீன்கள், சங்கு கேட்டதும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது மட்டும் நிஜம். அந்த அம்மாவின் கையெழுத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

இப்படிக்கு,
உன் புளுகு மாமா