காற்று கொண்டுவந்த மேடு

என் வீட்டு மந்திரியான மனைவிக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி குறைஞ்சுதா?

இங்கே மண் ஆராய்ச்சிக்காரங்களுக்குப் பள்ளம் வெட்டுறோம். போன வாரம் மேடு சரிஞ்சு என்னை முழங்கால் வரைக்கும் மூடிடுச்சு. பயப்படாதே, மாவு மாதிரி மண்ணு, செருப்புதான் போச்சு.

மூணு மாடி உயர மேடு. பனியுகத்துல பனிப்பாறை நகர்ந்து கல்லை மாவா அரைச்சுதாம், உருகுன தண்ணி அதை ஆத்தோரத்துல ஒதுக்குச்சாம், காத்து அதை அள்ளிக்கிட்டு வந்து இங்கே போட்டுதாம். ஆராய்ச்சியம்மா சொன்னாங்க. "காதுல பூ சுத்தாதீங்கம்மா"ன்னேன். உடனே ரெண்டு டப்பாவைத் திறந்தாங்க. ஒண்ணுல, தூசி கிளம்புன அந்த ஆத்தோரத்து மண்ணு, நறநறன்னு இருந்துச்சு. இன்னொண்ணுல இருந்த இங்கத்து மண்ணு முகப்பவுடர்தான்.

"கனமானதைக் காத்து பக்கத்துலேயே போட்டுடும். லேசானதுதான் இவ்வளவு தூரம் வரும்"னாங்க.

அதுலேர்ந்து உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பூனை குட்டி போட்டது, பக்கத்து வீட்டுப் புதுப் புடவை, எல்லாமே லேசு. எங்கம்மா நல்லா இருக்காங்கன்னு எழுதுறே. ஆனா அவங்க வழக்கமா எனக்குச் சொல்லி அனுப்புற திட்டை மட்டும் ரெண்டு கடிதமாக் காணோம். கனமானதை எங்கே இறக்கி வெச்சிருக்கே?

வண்டி வந்துடுச்சு. மூக்கைக் கட்ட ரெண்டு துண்டு அனுப்பு. கூடவே அம்மா வாயால ஒரு திட்டும் வாங்கி அனுப்பு.

உன் சந்தேகப் பிராணி