சின்னக் காரில் உருண்டைக்கு ஓர் இடம்

என் தங்கக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். என் முழங்கால் வலியும் அவருடைய பிடிவாதமும் எப்போதும் போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி உருண்டையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, போன தடவை மாதிரி ஆகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

போன தடவை என்ன ஆயிற்று? ஏர்போர்ட்டிலிருந்து வீடு வருகிற வரைக்கும் குழந்தையை என் மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று ஆசையாகச் சொன்னேன். நீ பட்டென்று, கார்ல பேபி சீட் இருந்தாத்தான் வருவேம்மா, இல்லன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன் என்றாய். சுருக்கென்றது எனக்கு. இந்த மடியில் வளர்ந்தவள் இந்த மடி சரியில்லை என்கிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உன் அப்பாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. உருண்டையை அவள் பிறந்ததிலிருந்து நான் போன் திரையில்தானே பார்க்கிறேன்? அந்த மூன்று மணி நேரமும் அவள் என் கையில் இருப்பாள் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தேன், நீ ஒரே வார்த்தையில் இடித்துவிட்டாய்.

உன் அப்பா என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் காரின் பின் சீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, துணைக்கு வா என்று என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடையில் இருந்ததிலேயே பெரிய சீட் எனக்குப் பிடித்திருந்தது, சிம்மாசனம் மாதிரி இருந்தது. இத வெச்சா நான் கூரை மேல உக்காந்துதான் ஓட்டணும் என்றார் உன் அப்பா. கடைப்பெண் சிரித்துவிட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காருக்கே தூக்கி வந்து வைத்துப் பார்க்க விட்டாள், நல்ல பெண். நம் கார் பழசு, சீட்டை மாட்டுகிற கொக்கி அதில் கிடையாது, பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். இருந்ததிலேயே குட்டியாக, பெல்ட் நன்றாக எட்டுகிற ஒன்றை வாங்கினோம். நீ சொன்ன மாதிரியே குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருகிற சீட். முன்னால் வைத்தால் நான் பின்னாலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாமே என்று கேட்டேன். முன்னால் காற்றுப்பை இருக்கிறது, அது விரிந்தால் குழந்தையின் தலைக்கு ஆபத்து, அங்கே வைக்கவே கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தைக் கேள். சீட்டைத் தடவிப் பார்த்தால் கட்டாந்தரை மாதிரி இருந்தது. தையல்காரி பேத்தி இதிலா உட்காருவாள்? உட்கார்ந்து பஞ்சு அடைத்து இரண்டு மெத்தை தைத்தேன், ஒன்று சீட்டுக்கு அடியில் போட, ஒன்று அவள் முதுகுக்கு. ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங் வேறு. உன் அப்பா சீட்டில் முட்டியை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை இழுத்துக் கட்டினார். மறுநாள் பார்த்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. எனக்கு அவர் கட்டிய கட்டின்மேல் சந்தேகம், அவருக்குக் கடைக்காரர்கள்மேல் சந்தேகம். எதிர்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டோம், அவளும் கைக்குழந்தைக்காரிதான். அவள் குனிந்து பார்த்துவிட்டு என் மெத்தையை உருவி வெளியே எடுத்தாள். ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா இது அமுங்க அமுங்க பெல்ட் தளரும், சீட்டோட வந்ததத் தவிர வேற எதையும் அடியிலயும் வெக்காதீங்க, முதுகுக்கும் வெக்காதீங்க என்றாள். எடுத்துவிட்டுக் கட்டினால் விரல் அகலம்கூட அசையவில்லை. மெத்தை இப்போது உன் அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலியில் கிடக்கிறது. பைப்பிங் நல்லா இருக்கு என்று தினமும் சொல்லி வெறுப்பேற்றுகிறார்.

இவ்வளவுக்கு அப்புறமும் என் மனசுக்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. சீட் பாட்டுக்கு இருக்கட்டும், வழியில் அவள் அழுதால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம், நீ தடுக்கவா போகிறாய் என்று. சந்தையிலிருந்து வரும்போது வெங்காயப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவள் எடை இருக்கும், ஒத்திகை என்றே வைத்துக்கொள். வேகமாகக்கூடப் போகவில்லை, ஒரு நாய் குறுக்கே ஓடியது, உன் அப்பா பிரேக்கை மிதித்தார். பை என் கையை விட்டுப் போய் முன்னால் மோதிக் கிழிந்து வெங்காயம் கார் முழுக்கச் சிதறிவிட்டது. நான் விடவில்லை குட்டி. சத்தியமாக இறுக்கித்தான் பிடித்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சொல்லிக் காட்டாமல், வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டார். அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும். நீ சொன்னதுதான் சரி. அம்மாவின் கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது போனில் சொல்ல வாய் வராத விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் உயரத்துக்கு அவர் சீட் பின்னால் தள்ளித்தான் இருக்க வேண்டும், அதனால் குழந்தை சீட்டை அவருக்குப் பக்கத்து முன் சீட்டின் பின்னால் வைத்திருக்கிறோம். அதற்கு இடம்விட, அந்த முன் சீட்டை ஒரேயடியாக முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் இடித்து, வெளியே வர உன் அப்பா கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. பின்னால் நர்ஸை உன் இடத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம், உனக்கும் குழந்தை சீட்டுக்கும் நடுவில் ஒரு கைப்பைதான் நுழையும். டிக்கியில் உன் பெட்டி ஒன்றுதான் போகும், இன்னொன்றும் தள்ளுவண்டியும் முன் சீட்டுக்குத்தான். நான் தனியாக பஸ்ஸில் வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். வந்தாலும் திரும்பும்போது நீங்கள் முந்திவிடுவீர்கள், முதன்முதலாக வருகிற குழந்தையைப் பூட்டிய வீடா வரவேற்கும்? அதனால் நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, குட்டி. அவளை முதலில் பார்க்கப்போவது உன் அப்பாதான். பொறாமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வருவதற்காக அவள் சீட்டை எடுக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

கனமான ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் பெல்ட் போடாதே, கட்டிவிட்டு மேலே போர்த்து. அழுதால் வண்டியை நிறுத்தச் சொல், ஓடும்போது அவிழ்க்காதே. அப்பா வேகமாகப் போனால் நான் சொன்னேன் என்று சொல். மாப்பிள்ளை உங்களோடு வராமல் அங்கே தனியாக இருக்கும் நாட்களில் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவரிடம் நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. வீட்டு வாசலில் கார் நின்றதும் அவசரப்பட்டு அவளைத் தூக்கிவிடாதே. அந்தப் பெல்ட்டின் சிவப்பு பட்டன் ரொம்பக் கெட்டி, கத்தரி பிடித்துத் தேய்ந்த என் கட்டை விரலுக்கு முதலில் மசியவே இல்லை. தினமும் காலி சீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுத்தி அழுத்திப் பழகினேன். இப்போது ஒரே அழுத்தில் திறக்கிறது. நான் வந்து கழற்றுகிறேன்.

உன் வருகைக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும்,
அம்மா