வண்டியை விற்கச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா ஆசையும் கோபமும் சரிபாதி கலந்து எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் சளி இருமல் எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, உன் அத்தையைப் பற்றிக் கீழே விவரமாகச் சொல்கிறேன், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், பயப்படாதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விட்டாய்? "வித்துத் தொலைம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு வண்டி, டாக்சி கிடைக்காத ஊரா" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு சொன்னாய், நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். எழுத்தில் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரைக்கும் படி.

முதலில் அந்த போட்டோ. உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கார் பம்பரில் விழுந்த கீறலில் மூக்கு உரசுகிற தூரத்தில் போனைக் கொண்டுபோய் வைத்து எடுத்து, குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். அப்படி எடுத்தால் கொசுக்கடிகூட வெட்டுக்காயம் மாதிரித்தான் தெரியும். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்திய மனுஷன் இல்லையா, தப்பு ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சுற்றி வட்டம் போடாமல் கை சும்மா இருக்காது, சிவப்பில் ஒரு வட்டம் வேறு. அதைப் பார்த்துவிட்டு நீயும் உன் தங்கையும் சேர்ந்துகொண்டு அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எப்படி இடித்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வண்டிகள் நிறுத்துகிற இடம் உனக்குத் தெரியுமே, இருட்டாக, தூணுக்குத் தூண் நெருக்கமாக இருக்கும். டயாலிசிஸ் முடிந்து அத்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்து வண்டியை மெதுவாக வளைத்து வெளியே எடுக்கிறேன், பின்னால் "தலை சுத்துது" என்று ஒரு முனகல், பொத்தென்று ஒரு சத்தம். திரும்பினேன். அத்தை கண் மேலே செருகி சீட்டில் சரிந்து கிடக்கிறார். பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டு, முன் பக்கத்து இடது மூலையைத் தூணில் தேய்த்துக்கொண்டது. நீயே சொல், நான் தூணைப் பார்த்திருக்க வேண்டுமா அத்தையைப் பார்த்திருக்க வேண்டுமா? நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்தார், ரத்த அழுத்தம் இறங்கியதுதான், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். இதை நான் போனில் எப்படிச் சொல்வேன், அத்தை அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் மயங்கியதால்தான் இடித்தேன் என்று அவர் காதில் விழ என்னால் சொல்ல முடியுமா?

சொல்லாமலே அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்பதுதான் கொடுமை. அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே வண்டி நிற்கிறது, அந்த இடது மூலை அவரைப் பார்த்து இளிக்கிறது. மறுநாள் காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார், "அந்தக் காயத்தை என்னால பாக்கவே முடியலம்மா, இனிமே நான் அதுல ஏறமாட்டேன், உன்னை இன்னொரு தடவை இடிக்க வைக்கமாட்டேன்" என்று. சரி, அடுத்த சிகிச்சைக்கு டாக்சி வைத்துக்கொண்டு போனோம், நீ சொன்ன அதே டாக்சி. திரும்பி வரும்போது அவருக்குக் குமட்டல் எடுத்தது, எப்போதும் எடுக்கும், நம் வண்டியில் அதற்கென்றே நான் ஒரு டப்பாவும் துண்டும் வைத்திருப்பேன். அந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்தி, "சீட்டு நாறிப்போச்சுன்னா நான் எப்படிப் பொழைக்கிறது, இறங்குங்க" என்று சொல்லிவிட்டான். உன் அத்தை, நாற்பது பேரை வைத்து ஹாஸ்டல் நடத்திய மனுஷி, ஒரு மூடிய கடையின் படியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டி வரும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு நம் வண்டியும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம், "எனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் விட்டுத்தான் பாப்போமே" என்றார். விட்டுப் பார்க்க இது என்ன தலைவலி மாத்திரையா? ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் வரவில்லை என்று போன் செய்தார்கள். அப்பா தன் அக்காவிடம் கெஞ்சினார், நான் கத்தினேன், கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வயசு மனுஷியைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

அதனால்தான் அந்தக் கீறலை எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. சர்வீஸ் கடையில் கேட்டால் பம்பரையே மாற்ற வேண்டும், வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஒரு வாரம் வண்டி இல்லாமல் என்ன செய்வது? நானே செய்கிறேன் என்று இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு பெயிண்ட் டப்பாவா பெரிய விஷயம் என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு முதல் நாளே அடி விழுந்தது. தூணின் மஞ்சள் பெயிண்ட் பம்பரில் ஒட்டியிருந்தது, அசிட்டோன் போட்டால் போய்விடும் என்று பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் போயிற்று, கூடவே அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக்கும் இளகி, பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு, பூனை முடி மாதிரி நிற்கிறது. சில பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்துபோனேன். அது இறுகும்வரை காத்திருந்து, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து, பள்ளத்தில் பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தெரியாமல் ஆக்கினேன். என் தோள்பட்டை போனது அங்கேதான்.

பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த பிரைமரை அடித்துக் காயவிட்டு, சுற்றி ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன், பிரைமரும் சேர்ந்து ஒரே தோலாக உரிந்து வந்துவிட்டது. வெயிலில் கருகின முதுகு உரியுமே, அந்த மாதிரி. கடைக்குப் போய்க் கேட்டால், "அது இரும்புக்கு அடிக்கிறதும்மா, பிளாஸ்டிக்னு நீங்க சொல்லவே இல்லையே" என்கிறார். பம்பர் பம்பர் என்று அவரிடம் தொண்டை வற்றச் சொன்னேன். "பம்பர்னா வேற என்ன, வெண்கலத்துலயா செய்றாங்க" என்று நான் கேட்டதற்கு அவரிடமிருந்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிப்பதற்கென்று முதலில் அடிக்க வேண்டிய மருந்து தனியாக இருக்கிறதாம், அதை உள்ளே ஒரு மூலையிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் வண்டியின் நிற எண் இருக்கும், அதை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார், அது ஒன்றைத்தான் இந்த மொத்த வேலையில் உருப்படியாகச் செய்தார். மற்ற நேரமெல்லாம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க ஒரு புள்ளி இருக்கு பாரு, இங்க ஒரு தூசி" என்று மெய்ப்புத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைக் கேட்ட எரிச்சலில் டப்பாவைக் கிட்டே பிடித்து ஒரேயடியாக அடித்துவிட்டேன், வெள்ளி நிறம் கண்ணீர் மாதிரி வழிந்து அப்படியே உறைந்தது. காயவிட்டு, திரும்பத் தேய்த்து, திரும்ப அடித்தேன். உனக்கு வாசிக்கவே அலுப்பாக இருக்கிறது இல்லையா, செய்தவளை நினைத்துப் பார்.

அடுத்த சிகிச்சை நாள் காலையில் காற்றில்லை, தூசியில்லை. முந்தின நாள் மெல்லிசாக மெல்லிசாக அடித்த நிறம் நன்றாகக் காய்ந்திருந்தது. மேலே பளபளப்புக்கு வார்னிஷ் மாதிரி ஒன்று அடிக்க வேண்டும், அதையும் பொறுமையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்து முடித்தேன். அப்பா குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், கடைசியில், "பிழை இல்லை" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். கை கழுவ உள்ளே போனேன், அவர் டீ போடப் போனார். திரும்பி வந்து பார்க்கிறேன், அத்தை வாக்கரை வைத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் நிற்கிறார். நான் வாய் திறப்பதற்குள் குனிந்து, "அட, தெரியவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே, நாலு விரலையும் அந்த ஈரத்தில் வைத்து நீளமாகத் தடவிவிட்டார்.

என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், நீ என்னை மதிக்க வேண்டும். கையிலிருந்த துண்டைத் தரையில் அடித்தேன். அத்தை அந்த விரல்களைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், "நான் தொட்டதெல்லாம் நாசந்தான்" என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்தவருக்கு மூச்சு இரைக்கிறது. சரி, முதலில் கையைத் துடைப்போம் என்று துண்டை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அது அத்தை கையே இல்லை. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினேன், பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி குழி விழுந்து, விழுந்த குழி எழும்பவே இல்லை. அத்தனை நாளும் நான் பம்பரை அல்லவா விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதே வீட்டில் இந்தக் காலை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லையே என்று வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "அக்கா, எழுந்திருங்க, வண்டியில ஏறுங்க" என்றேன். "பெயிண்ட் காயலியேம்மா" என்றார். "பெயிண்ட் கிடக்கட்டும், ஏறுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா டீ டம்ளரோடு ஓடிவந்தார், அவரையும் டம்ளரோடு பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு தடவை தவறினதற்கே கை காலில் கோத்த நீர் போதாதென்று நுரையீரலிலும் சேர ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஒரு தடவை விட்டிருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நர்ஸ் அத்தையின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன வாசனை என்று கேட்டதற்கு உன் அத்தை, குழாயெல்லாம் மாட்டிப் படுத்துக்கொண்டு, "வீட்டுல பெயிண்ட் வேலை நடக்குது, நானும் கொஞ்சம் பாத்தேன்" என்கிறார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிகிச்சை முடிந்து கீழே வந்தால் அத்தை பின் கதவைத் திறக்க விடவில்லை. அப்பாவைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மயக்கம் வந்தா உன் தோள்ல சாயறேன், நீ திரும்ப வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். குமட்டல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம் இடிக்கப் போற, பாத்து, பாத்து" என்று வழி நெடுகக் கத்துகிறார், எதிரே வண்டியே இல்லாத தெருவில்கூட. என் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது. ஆனால் ஏறுகிறார்.

பம்பரில் நாலு விரல் தடமும் அப்படியே காய்ந்து கிடக்கிறது. தேய்த்தால் போய்விடும், தேய்க்க என் தோளில் தெம்பில்லை, அப்பா வட்டம் போட்டுக்கொள்ளட்டும். வண்டியை விற்கிற பேச்சை இனி எடுக்காதே, எனக்கு முடியாத அன்றைக்கு நானே சாவியைக் கொடுத்துவிடுவேன், அதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உன்னிடம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்கு நீ தனியாகப் போன் செய், என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, எனக்கு ஒண்ணுமில்லடா என்றுதான் சொல்வார். கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தச் சொல், போனை வைக்காமல் காத்திரு, குழி எழும்பிவிட்டதா என்று கேள். நான் கேட்டால் பொய் சொல்வார், உன்னிடம் பொய் சொல்ல மாட்டார்.

மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல், பாப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. எங்கள் மூவருடைய ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

கோபம் பாதி தீர்ந்த
உன் அம்மா