மேலே படிக்காதவள் வேண்டும்

02-07-2007, திங்கள்

பி.ஏ. முடிந்தது. எம்.ஏ. வரலாற்றுக்கு இடமும் கிடைத்தாயிற்று. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "இன்னாடி, எறும்பு கடிக்குதா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

பிரெயில் சட்டத்தில் தாளைச் செருகி ஊசியால் குத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் வேறு யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. யாரை வேண்டுமானாலும் திட்டி எழுதலாம். கண் தெரியாததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

அறக்கட்டளையிலிருந்து போன். எம்.ஏ.வுக்கும் உதவியாளர் சம்பளம் தருவார்களாம். முபீனாவைக் கூட்டிக்கொண்டு மணவாள நகர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

04-07

முபீனா கும்மிடிப்பூண்டி பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பாயின் மகள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். மூன்று வருஷமாக என் கூட ரயிலில் காலேஜுக்கு வருகிறாள், புத்தகம் படித்துக் காட்டுகிறாள், பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அதற்கு அறக்கட்டளை அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. காலேஜ் விழாவில் ஒருவர் அவளை "ஜெபாவோட கண்" என்று மைக்கில் சொன்னார். எரிச்சலாக வந்தது. என் கண் எப்படியிருந்தாலும் அது என்னுடையது. அவள் முபீனா.

இன்று எம்.ஏ. பீஸ் கட்டிவிட்டு ரயிலில் திரும்பும்போது சொன்னாள்: "ஜெபா, நானும் தபால்ல பி.ஏ. சேரலாம்னு இருக்கேன். ஹிஸ்டரிதான். ஒனக்குப் படிச்சிப் படிச்சி பாதி பாடம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி."

"சேரேன்" என்றேன். மீஞ்சூர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

எளாவூரில் இறங்கி, செக்போஸ்ட் லாரிகளின் ஹாரன் காதைப் பிளக்க வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. விதி. உதவியாளர் ப்ளஸ் டூவுக்கு மேல் படித்திருக்கக் கூடாது, படித்துக்கொண்டிருக்கவும் கூடாது. ரத்த சொந்தமாகவும் இருக்கக் கூடாது. அதிகம் படித்தவளாக இருந்தால் பரீட்சையில் அவளே பதிலை எழுதிவிடுவாளாம்.

அதாவது, நான் படிக்க வேண்டும் என்றால் முபீனா படிக்கக் கூடாது.

05-07

தபாலில் சேர்ந்தால் ஆபீசுக்கு எப்படித் தெரியும்? — தெரிந்தால் பரீட்சையே செல்லாது. எம்.ஏ. போச்சு.

06-07

ரெண்டு வருஷம்தானே. அவள் காத்திருந்தால் என்ன? படிப்பு எங்கே ஓடிப்போகப் போகிறது? இப்படியே நூறு தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

09-07, திங்கள்

ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் பஸ். முபீனா வழியெல்லாம் சுவர் விளம்பரங்களைப் படித்துக்கொண்டு வந்தாள். மூலம் பவுத்திரம், பிளாட் விற்பனைக்கு, காதணி விழா, எல்லாம் ஒரே ராகத்தில். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மணவாள நகரில் டீக்கடை. கடைக்காரர் அவளிடம், "அந்தப் பொண்ணுக்கு சக்கர போடலாமா?" என்றார். எப்போதும் இதே கதைதான். கேள்வி என்னைப் பற்றி, கேட்பது அவளிடம். "அந்தப் பொண்ணு இங்கதான் நின்னுகினு இருக்கு. போடுங்க" என்றேன். முபீனா என் கையைக் கிள்ளினாள்.

ஆபீசில் ராஜமாணிக்கம் சார். கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். புதுப்பிக்கிற தாளைப் படித்துக் காட்டிவிட்டு முபீனாவிடம் கேட்டார்: "மேல படிக்கிற எண்ணம் ஏதாச்சும் இருக்காம்மா?"

"இல்ல சார்" என்றேன். நான். நான்தான் சொன்னேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு விளம்பரத்தைக்கூடப் படிக்கவில்லை.

10-07

டீக்கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது சர்க்கரையைப் பற்றித்தான் கேட்டார்.

13-07

கடைக்கே போய்விட்டேன். பாய் ஸ்டூல் போட்டு, நாஷ்டா சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு முபீனாவைக் கூப்பிட்டார். அவள் குடங்களை அடுக்கிக்கொண்டே பேசினாள். ஒவ்வொரு குடத்தையும் நங்கென்று வைத்தாள்.

"கோவமா?"

"எனக்கு இன்னா கோவம். ரெண்டு வருஷம் இருன்னு நீ கேட்டிருந்தா இருந்திருப்பேன். சார் எங்கிட்டதானே கேட்டாரு? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே சொல்லிட்ட."

"இப்ப கேக்கறேன். இருக்கியா?"

"இப்ப கேட்டா இல்லன்னு சொல்லுவேன்."

அவள் கடையில் அழக்கூடாது என்று வந்துவிட்டேன். செக்போஸ்ட் பக்கம் வரும்போது ஒரு லாரி டிரைவர் தெலுங்கில் ஏதோ சொல்லி என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவிட்டார். நான் தாண்ட வேண்டும் என்று சொல்லவே இல்லை. திரும்ப இந்தப் பக்கம் வரப் பத்து நிமிஷம் ஆனது. எல்லோருக்கும் நம் மேல் ரொம்ப அன்பு.

16-07, திங்கள்

போன் செய்தேன். முபீனா வேண்டாம், அவள் மேலே படிக்கப் போகிறாள், வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ராஜமாணிக்கம் சார் பைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "யோசிச்சுப் பேசும்மா. கையெழுத்து ஆயிடுச்சி. வருஷத்துக்கு ஒரு ஆள்தான். புது ஆளுக்கு அடுத்த ஏப்ரல்லேருந்துதான் சம்பளம் குடுக்க முடியும்."

"சார், என்ன விடக் கொறச்சலாப் படிச்சவளாப் பாத்து எனக்குப் படிச்சிக் காட்டச் சொல்றீங்க. இது இன்னா சார் விதி?"

"விதி நான் போட்டது இல்லம்மா."

அதுவும் சரிதான். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

அம்மா கத்தித் தீர்த்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் தர்மம் பண்றியா நீ? அந்தப் பொண்ணு படிச்சா ஒனக்கு யாரு படிப்பா?" அப்பா உருக்காலையிலிருந்து வந்து குளித்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். "ஏப்ரல் வரிக்கும்தானே? ஓவர்டைம் பாத்துக்கறேன். ஆளப் பாரு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே முதுகு வலி. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

06-08, திங்கள்

அடுத்த தெருக் கங்கம்மா வருகிறாள். பத்தாவது பாஸ். தங்கமான பெண், விதிக்கு ரொம்பப் பொருத்தம். "பொ... பொருளா... தாரம்" என்று படிக்கிறாள். வாக்கியம் முடிவதற்குள் ஆரம்பம் எனக்கு மறந்துவிடுகிறது.

09-08

கங்கம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "அக்கா, நான் இன்னா பண்றது, இவ்ளோ பெரிய வார்த்தயா போட்டுக்கினு இருக்காங்க" என்றாள். அவள் என்ன செய்வாள்? பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

21-08

முபீனா தபாலில் சேர்ந்துவிட்டாளாம். பாய் வழியில் பார்த்து அம்மாவிடம் சொன்னார். என்னிடம் அவள் சொல்லவில்லை.

19-11

பரீட்சை. கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் என் தொண்டையில் இருந்தது. கங்கம்மாவின் கை எழுதி முடியவில்லை. மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டார்கள். நல்லவளாக நடந்துகொண்டு என்ன கண்டேன்? முபீனாவாக இருந்தால் முடித்திருப்பாள். ஆமா, எனக்குப் பொறாமதான். வயிறு எரியுது. எழுதினா எழுதிட்டுப் போறேன், யாரு படிக்கப் போறாங்க.

22-01-2008

ஒரு பேப்பர் போய்விட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் சாதம் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

27-01, ஞாயிறு

முபீனா வந்தாள். எப்படிக் கேள்விப்பட்டாளோ. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் போன பேப்பரின் புத்தகத்தை எடுத்து, எங்கே விட்டோம் என்பதுபோல முதல் பாடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். "சம்பளம் கிடையாது" என்றேன். "வாய மூடிக்கினு கேளு" என்றாள். கங்கம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

பரீட்சை மட்டும் கங்கம்மாதான் எழுத வேண்டும். படித்துக் காட்டுவதற்கு விதி இல்லை, சம்பளத்துக்குத்தான் விதி.

02-05

பரீட்சை எல்லாம் முடிந்தது. எல்லாக் கேள்வியும் எழுதினோம், போன பேப்பரையும் சேர்த்து. கங்கம்மாவின் கை கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது. பாஸாகுமா, தெரியாது. ராஜமாணிக்கம் சார் கங்கம்மாவுக்கு முதல் சம்பளம் அனுப்பிவிட்டார். அப்பா ஓவர்டைமை இன்னும் நிறுத்தவில்லை.

24-05, சனி

முபீனாவுக்கு முதல் பரீட்சை. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடம். பாய்க்குக் கடையை விட்டு வர முடியாது, நான் போனேன். வாட்ச்மேன், "துணைக்கி வந்தவங்கல்லாம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க" என்று என்னிடமே நேராகச் சொன்னார். வெயிலில் நின்றேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"கேள்வித் தாளப் படிச்சேன் ஜெபா. எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். பேனாவப் புடிச்சிகினு சும்மா ஒக்காந்துகினு இருந்தேன்."

"ஏன்?"

"நீ ஆரம்பிப்பேன்னு."

பக்கத்தில் யாரோ இருமிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்ததாம், இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள் என்று. அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. கடைசிக் கேள்வி பாக்கி.

பஸ்ஸில் அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன், பரீட்சையில் சொல்கிற அதே வேகத்தில். பாதியில் நிறுத்தினாள்.

"இல்ல ஜெபா. நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்."

எப்படி என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டி வரும்வரை சொன்னாள்.