காவ்யா என்ற பேரில் இரண்டு மாதம்

மணிமங்கலம்
23.11.2014

அன்பு மகன் பகலவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, உங்கப்பாவுக்கு முட்டிவலி உண்டு, அது இல்லாமல் போனால்தான் நான் பயப்படுவேன். அங்கே நீயும் உன் ரூம் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ராஜகோபாலப் பெருமாளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய், எனக்கு இப்போதெல்லாம் போன் மணி கேட்டாலே காது வலிக்கிறது, தவிர போனில் நான் உன்னிடம் உண்மை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். படப்பை நர்ஸ் ஷெர்லின் லீவு முடிந்து நீ இருக்கிற மஸ்கட்டுக்கே ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்திருக்கிறேன், அதோடு இதுவும் வரும்.

செல்போன் கம்பெனி கேன்டீனில் எனக்கு கான்ட்ராக்ட் முடிந்த கதை உனக்குத் தெரியும். நம் மாடி ரூமில் குடியிருக்கிற இசக்கிசெல்விக்கும் அதே கம்பெனியில் லைன் வேலை போய்விட்டது, தென்காசிப் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம். அவள்தான் ஆவணி மாசம் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள், பண்டிகை சீசனுக்கு வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைனில் சாமான் வாங்குகிறவர்கள் போன் செய்தால் பதில் சொன்னால் போதும், மாதம் எட்டாயிரத்து ஐநூறு என்று. வீட்டில் நான் எப்போது வேலை செய்யாமல் இருந்தேன், இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அதற்குச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவன் சொல்கிறானே என்று நானும் சேர்ந்தேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் இருந்தது, நெட் கனெக்‌ஷன் நம் செலவு, காதில் மாட்டுகிற ஹெட்செட்டுக்கு ஆயிரத்து ஐநூறு டெபாசிட், பத்து நாள் ட்ரெய்னிங், அதற்குச் சம்பளம் கிடையாது. ட்ரெய்னிங்கில் முதலில் எடுத்தது என் பேரைத்தான். கனகம் என்றால் பழைய பேராம், கஸ்டமருக்கு நம்பிக்கை வராதாம், அதனால் நான் காவ்யா. உங்கப்பா நாலு நாள் என்னைக் காவ்யா காவ்யா என்று கூப்பிட்டுச் சிரித்தார், ஐந்தாம் நாள் டீ கேட்டபோது அது காவ்யா வேலை இல்லை என்று சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

வேலை என்னவென்றால் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரை யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள், நாம் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்புப் புடவை கேட்டவளுக்குப் பச்சை போயிருக்கும், குக்கர் கேட்டவருக்கு மூடி மட்டும் போயிருக்கும். யார் எது சொன்னாலும் உங்கள் மனவருத்தத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம் என்று எழுதிக்கொடுத்ததைப் படிக்க வேண்டும், படிக்கும்போது குரலில் சிரிப்பு தெரிய வேண்டும். எங்கள் டீம் லீடர் பேர் தளவாய், ஆளைப் பார்த்ததே இல்லை, குரல் மட்டும் புலி மாதிரி. பாத்ரூம் போனால் பட்டன் அழுத்திவிட்டுப் போக வேண்டும், ஏழு நிமிஷத்தைத் தாண்டினால் பிடித்தம். பின்னால் சத்தம் கேட்டால் பிடித்தம். எதிர் வீட்டுச் சேவல் கூவியதற்கு எனக்கு மூன்று தடவை ஐம்பது ஐம்பதாகப் போனது, அந்தச் சேவலை விலைக்கு வாங்கிக் குழம்பு வைத்திருந்தால் லாபமாக இருந்திருக்கும். கரண்ட் போனாலும் பிடித்தம், அதற்கு நான்தான் பொறுப்பாம்.

ஒரு நாள் நாகர்கோவில் ஆள் ஒருவர் மிக்சி ஜாரில் ஓட்டை என்று வாயில் வரக்கூடாததெல்லாம் சொல்லித் திட்டினார். நாமாக லைனைக் கட் பண்ணக் கூடாது என்பது சட்டம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்த உங்கப்பா அதைக் கேட்டுவிட்டு, அவன் அட்ரஸ் இன்னா, இப்பவே பஸ்ஸ எடுத்துக்கினு போறேன் என்று குதிக்கிறார். அதற்கு முந்தின நாள்தான் ரசத்தில் உப்பில்லை என்று இதே மனிதர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குரலில் சிரிப்பு தெரிந்ததற்கு அன்றைக்கு ஐந்து மார்க் கிடைத்தது.

முதல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. இரண்டாம் மாதம் கணக்கு சரிபார்க்கிறார்கள் என்றார்கள். தீபாவளி முடிந்த மறுநாள் உட்கார்ந்தால் என் பாஸ்வேர்டு செல்லாது என்கிறது கம்ப்யூட்டர், இசக்கிசெல்விக்கும் அப்படியே. சீசன் முடிந்ததாம், சொல்லக்கூட ஆள் இல்லை. தளவாய் போனை எடுக்கவில்லை. ஊழியர் குறைகளுக்கு என்று ஒரு நம்பர் இருந்தது, அடித்தேன். வணக்கம், நான் காவ்யா பேசுகிறேன் என்றது ஒரு சின்னக் குரல். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் மனவருத்தத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம் என்று எனக்கே படிக்கிறாள். நானும் காவ்யாதாம்மா, உன் சொந்தப் பேர் என்ன, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, என் பேரு முப்பிடாதிக்கா, எனக்கும் இன்னும் தரல, ஆபீஸ் தண்டலத்துல டயர் கடைக்கு மேல இருக்கு, வெள்ளிக்கிழமை பெங்களூர்ல இருந்து சாமான் விக்கிற கம்பெனியோட பெரிய ஆளுங்க வாராங்க, அன்னைக்கு வாங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் போனோம், படப்பையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் இசக்கிசெல்வி போன் போட்டுத் திரட்டியவர்கள். புலி தளவாயை அன்றைக்குத்தான் பார்த்தேன், காலர் நைந்த சட்டை, முப்பத்தைந்து வயதுக்கே முன்மண்டை வழுக்கை, தனக்கும் மூன்று மாதமாக வரவில்லை என்று என்னிடமே அழாத குறையாகச் சொல்கிறார். முதலாளி எங்களைப் பார்த்ததும் நாளைக்கு வாங்க என்றார். நாளைக்கின்னா எந்த நாளைக்கு, கிழமையச் சொல்லுங்க என்று கேட்டுவிட்டு இசக்கிசெல்வி மாடிப்படியில் உட்கார்ந்தாள், நாங்களும் உட்கார்ந்தோம். அதற்குள் பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். யார் இவர்கள் என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்க, நம்ம ஸ்டாஃப்தான் மேடம், உங்கள வரவேற்க வந்திருக்காங்க என்று முதலாளி பல்லைக் காட்டினார். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம், சீசன் முழுக்க கஸ்டமர்கள் காவ்யா காவ்யா என்று நல்லபடியாக எழுதியிருக்கிறார்களே, உங்களில் காவ்யா யார் என்று தமிழிலேயே கேட்டாள். ஒன்பது பேரும் கையைத் தூக்கினோம். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நல்ல பேர் வாங்கிட்டோம்மா, சம்பளம்தான் இன்னும் வாங்கல என்று நான் சொன்னேன். நானா சொன்னேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. சாயங்காலத்துக்குள் கவர் வந்தது, சேவல், கரண்ட், பாத்ரூம் எல்லாம் கழித்து, ஹெட்செட் டெபாசிட்டைத் தேய்மானம் என்று விழுங்கி, வரவேண்டியதில் முக்கால்வாசி.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அந்த நம்பரில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதை நான் மறந்தே போனேன், தினம் எண்பது பேருக்கு அதைச் சொன்ன வாய் இது. முப்பிடாதி என்னிடம் பேசியதைக் கேட்டுவிட்டு அந்த வெள்ளிக்கிழமை மாலையே அவளை நிறுத்திவிட்டார்கள், விதியை மீறினாள் என்று ஒரு பைசா தரவில்லை. விஷயம் தெரிந்து அடுத்த வாரம் நாங்கள் மறுபடி தண்டலம் போனால் மாடியில் பூட்டு, போர்டையும் காணோம். டயர் கடைக்காரர் தனக்கே இரண்டு மாத மாடி வாடகை பாக்கி என்கிறார்.

ஒரகடத்தில் ஆறு பெண்கள் இருக்கிற ரூமில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். சின்ன உருவம், பெரிய கண். என் சம்பளத்தில் பாதியை மடித்து எடுத்துப் போயிருந்தேன், எவ்வளவு சொல்லியும் கையால் தொடவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, காசு வேண்டாம்க்கா, ஒரு உதவி பண்ணுங்க, சங்கரன்கோயில்ல எங்கம்மாவுக்கு வேலை போனது தெரிஞ்சா நாளைக்கே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயி கல்யாணம் முடிச்சிருவாங்க, ஆபீஸ்ல இருந்து பேசுற மாதிரி நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க என்றாள். நான் பேசினேன் கண்ணு. வணக்கம் அம்மா, நான் காவ்யா பேசுகிறேன், உங்கள் மகள் மிக நன்றாக வேலை செய்கிறார் என்று சிரித்த குரலில் சொன்னேன். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுக்காகளா தாயி, பிள்ள நேரத்துக்குச் சாப்பிடுதா என்று கேட்டாள். ஒழுங்காகக் கொடுக்கிறோம் அம்மா, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றேன். வேற என்ன வேணும், நீங்க நல்லாருக்கணும் தாயி என்று வாழ்த்திவிட்டு வைத்தாள். முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது இசக்கிசெல்வி ஒரு ஹாஸ்டல் சமையலில் எனக்கும் முப்பிடாதிக்கும் வேலை கேட்டிருக்கிறாள், தை பிறந்தால் தெரியும். உன்னிடம் நான் வேலை நன்றாகப் போகிறது கண்ணு என்று ஒவ்வொரு வாரமும் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துக்கொள். நீயும் எந்த கஸ்டமர் கேருக்குப் போன் செய்தாலும் அந்தப் பெண்ணிடம் குரல் உயர்த்தாதே. தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. போன மாதம் உன் கம்பெனி ஆள் என்று ஒருவர் பேசி, பகலவன் சௌக்கியம், சம்பளம் எல்லாம் சரியாக வருகிறது என்று என்னிடம் சொன்னார், குரல் நல்ல சிரித்த குரல். அப்போது நான் நிம்மதியாகத் தூங்கினேன், இப்போது முடியவில்லை. அதனால் நீயே உன் கையால் நாலு வரி எழுதி ஷெர்லினிடம் கொடு, அவள் எப்படியாவது அனுப்பிவைப்பாள். நல்லதோ கெட்டதோ உள்ளபடி எழுது, நீ ஊர் திரும்ப டிக்கெட்டுக்கு என்னிடம் பணம் இருக்கிறது.

பெருமாள் உன்னை நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நூறு வயசு இரு. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. கனகம்