மறக்கச் சொல்லி ஓர் உத்தரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது வெறும் சம்பிரதாயம், அது உனக்கும் பிடிக்காது.

நீ அனுப்பிய செய்தியைத் தையல் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். யாரோ கொடுத்த கால்சட்டைக்கு இடுப்பு பிரித்துக்கொண்டிருந்தேன், தையலை விட்டுவிட்டுத் துணியையே கிழித்துவிட்டேன். மருந்துக்கடை மேலாளர் உன்னைத் தனியே கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார், தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறார், வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை, பெயரையே மாற்றிக்கொள்ளப் போகிறேன், கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். கூப்பிடாதே என்றாயே தவிர எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் இதை எழுதுகிறேன். வக்கீல் வீட்டுக்கு நடந்து நடந்து எனக்கும் கொஞ்சம் சட்டம் வந்துவிட்டது.

அடங்கிக் கிடந்ததை யார் கிளறியது என்று கேட்டிருந்தாய். உன் அப்பாதான். அவரே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார், ‘அன்புள்ள’ என்பதற்கு மேல் போகவில்லை. அதனால் நான் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் என் கோபம் ஒரு ஒழுங்குக்கு வருகிறது.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் தூக்க மாத்திரைகள் காணாமல் போனதற்குச் சாவி உன்னிடம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக உன்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எடுத்தது கிடங்கு மேற்பார்வையாளர் என்று பிறகு தெரிந்தது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீதிபதி தெளிவாக எழுதினார். ஆனால் அதை எழுதியது கடைசிப் பக்கத்தில். முதல் பக்கத்தில் இருந்ததெல்லாம் உன்மேல் போட்ட பழி. தீர்ப்பை நீதிமன்றத்தின் இணையதளத்தில் ஏற்றினார்கள். உன் பெயரைத் தேடினால் திரையில் வந்து நிற்பது அந்த முதல் பக்கத்தின் நாலு வரி. கடைசிப் பக்கம் வரைக்கும் யார் போகிறார்கள்? வீடு வாடகைக்குக் கொடுப்பவர் போகவில்லை, பெண் கேட்டு வந்தவர்கள் போகவில்லை, வேலை கொடுப்பவர்கள் போகவே இல்லை. நீ ஊரை விட்டுப் போனாய்.

இதில் அப்பாவுக்கு உறுத்தல் என்னவென்று உனக்குத் தெரியும். தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றும் வேலை தொடங்கியபோது அதற்குப் பயிற்சி எடுத்த முதல் நீதிமன்றத் தட்டச்சர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தீர்ப்பின் நகலுக்காக ஜனங்கள் நகல் பிரிவு வாசலில் கால் கடுக்க நின்ற காலம் போயிற்று, இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று சாப்பிடும்போதுகூட அதையே பேசுவார். அது நல்ல காரியந்தான், நான் குறை சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் என்றால் யார் யாரெல்லாம் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அந்தப் புதுச் சட்டம் வந்தது. குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டால் பழைய தீர்ப்பிலிருந்து பெயரை நீக்கலாம், தேடினாலும் வராமல் செய்யலாம் என்று செய்தித்தாளில் படித்தார் அப்பா. அன்றே ஒரு வக்கீலம்மாவைத் தேடிக் கிளம்பிவிட்டார். நீ போகும்போது அவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் கையில் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லி எல்லோரையும் அசத்த வேண்டுமாம். ஓய்வு பெற்றவர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறாரே, எங்கேயாவது பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறதோ என்று நான் நினைத்தேன்.

நடந்த தவறு இங்கேதான். இதை வக்கீலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், சொல்லும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறதாம். மனுவில் பெயருக்குப் பதிலாக ஒரே ஒரு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாமாம். அதற்குத் தனியாக ஒரு சின்ன வேண்டுகோள் கொடுத்தால் போதும். வக்கீலம்மா அதைத் தயாராகவும் வைத்திருந்தார். அலுவலகத்தில் உன் அப்பாவுக்கு என்ன பட்டப்பெயர் என்று நினைவிருக்கிறதா? முழுப்பெயர்க்காரர். ‘மேற்படி மனுதாரர்’ என்று போட்டால் போதும் என்ற இடத்திலும் பெயரை முழுசாக அடிப்பவர் அவர். ஆளை மொட்டையாகக் குறிப்பிடுவது மரியாதை இல்லை என்பார். அந்த மனுஷர் வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறார்:

“தப்பு பண்ணவங்கதான் ஒத்தை எழுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கணும். என் பொண்ணு எதுக்கு ஒளியணும்?”

மனுவைத் தானே தட்டச்சு செய்வதாக வாங்கிக்கொண்டு வந்து, பத்திக்குப் பத்தி உன் பெயரை முழுசாக அடித்திருக்கிறார். ஒரு பிழை கிடையாது. அவ்வளவு அழகான மனுவைத் தான் பார்த்ததில்லை என்று நீதிபதியே சொன்னாராம். உன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கைதான் உன்னைக் கவிழ்த்தது, பாப்பா. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தது. அன்றைக்குப் பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்து என்னைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். பழைய தீர்ப்பைத் திறந்தார். உன் பெயர் இருந்த இடத்திலெல்லாம் வெறும் புள்ளிகள். குழந்தை மாதிரி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் காட்டினார். நானும் அழுதேன். இனி நீ திரும்பி வரலாம், வராவிட்டாலும் நிம்மதியாக இருக்கலாம் என்று அன்று முழுவதும் அதே பேச்சு.

புதுச் சட்டத்தின் கீழ் வந்த முதல் உத்தரவு அது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அதற்குத் தலைப்பே உன் பெயர்தான். சட்டச் செய்தி போடும் தளங்கள் எடுத்துப் போட்டன, அவற்றிலிருந்து செய்தித்தாள்கள் எடுத்தன. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, மறக்கப்படுவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டா இல்லையா என்று சத்தம் போட்டு வாதாடினார்கள், கீழே உன் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. உன்னை மறக்கச் சொல்லித்தான் உத்தரவு. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சட்டக் கல்லூரியில் இப்போது அது பாடம். வக்கீலம்மாவிடம் வேலை பழகும் பெண் என்னைப் பார்த்து, “அந்த வழக்கோட அம்மாவா நீங்க?” என்று ஆசையாகக் கேட்டாள். நல்ல பெண். அவளை என்ன சொல்ல?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநரை உனக்குத் தெரியும். ஒரு விபத்து வழக்கில் அவர்மேல் பிழையில்லை என்று தீர்ப்பாகியும் வேலை கிடைக்காமல் இருந்தார். அவரும் இதே சட்டப்படி மனுப் போட்டார், ஒரே எழுத்தில். பெயர் போயிற்று, வேலை கிடைத்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். உத்தரவைக் காட்டினார். அவருக்கு ஓர் எழுத்துதான், ஆனால் எந்த வழக்கைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தோம் என்று நீதிபதி சொல்லும் இடத்தில் உன் பெயர் முழுசாக இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு உத்தரவிலும் அப்படித்தான் வருமாம். ஒருவர் மறைய மறைய நீ இன்னும் கொஞ்சம் வெளியே தெரிவாய். அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் கடைக்கு வருகிறவர்களும் இப்போது என்னைப் பாராட்டுகிறார்கள். உங்கள் மகள் ஜெயித்துவிட்டாளாமே, எத்தனை பேருக்கு வழி திறந்துவிட்டாள் என்கிறார்கள். ஒருத்தி, தன் தம்பியும் மருந்துக்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். அங்கே உனக்கு வேலை கிடைக்குமா என்று வாய்விட்டே கேட்டேன். அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டே, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு கொடுத்த துணியை வாங்க அவள் வரவில்லை, ஆள் அனுப்பினாள். பாராட்டுவதற்கு எல்லோரும் இருக்கிறார்கள், பாப்பா.

அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கமாட்டாய், நான் சொல்கிறேன். முதலில் காலையில் எழுந்ததும் உன் பெயரைத் தேடிப் பார்ப்பார், குறைந்திருக்கிறதா என்று. அடிக்கடி தேடினால் இதற்கு நிறையக் கிராக்கி இருக்கிறது என்று இயந்திரம் நினைத்து இன்னும் மேலே கொண்டுவரும் என்று கணினிக் கடைக்காரி சொன்னாள். அதிலிருந்து கணினியைத் துணி போட்டு மூடிவிட்டார். என்னையும் தேடக்கூடாது என்று மிரட்டி வைத்திருக்கிறார். பெயர் போட்ட ஒவ்வொரு தளத்துக்கும் கெஞ்சிக் கடிதம் அனுப்பினார். சில தளங்கள் நீக்கிவிட்டன. சில, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரப் பதில் அனுப்பின. வெளிநாட்டுத் தளங்களை நம் நீதிமன்றம் ஒன்றும் செய்யமுடியாதாம். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். திட்டினால் திருப்பித் திட்டுகிறவரைத் திட்டலாம், இப்படித் தலையாட்டுகிறவரை என்ன செய்வது?

அந்த உத்தரவிலும் உன் பெயரை ஓர் எழுத்தாக்கக் கோரி இன்னொரு மனுப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. நகல் எடுத்தவர்கள் எடுத்தவர்கள்தான், ஆனாலும் வேரையாவது வெட்டலாமாம். இந்த முறை உன் சம்மதம் இல்லாமல் ஒரு காகிதம் நகராது. வேண்டாம் என்றால் வேண்டாம். அப்பாவின் கைக்கு அது போகாது, வக்கீலம்மாவின் அலுவலகத்திலேயே அடிப்பார்கள். இதை அப்பாவே சொல்லச் சொன்னார்.

வேலையைப் பற்றி எனக்கு யோசனை சொல்லத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்தில் யாராவது ஒருவர் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பெயரை மாற்றுவதைப் பற்றி. இந்தப் பெயரை வைத்தது அப்பாதான், எனக்கு அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பிடித்தது. உன் செய்தியை அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர், மாற்றிக்கொள்ளட்டும், அந்தப் பெயரை நான்தான் அழுக்காக்கினேன் என்றார். அவர் ஒன்றையும் அழுக்காக்கவில்லை, பாப்பா. அவருக்கு உன்னைப் பற்றிப் பெருமை அதிகம், உலகத்தைப் பற்றிய அறிவு குறைவு. நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உன் பாடு. கேட்டு வாங்குகிற மன்னிப்பில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

நீ பெயரை மாற்றிக்கொள், நான் தடுக்கவில்லை. எந்தப் பெயராக இருந்தாலும் அதில் நீ தலைநிமிர்ந்து நட, நேரத்துக்குச் சாப்பிடு, நல்லவர்கள் உனக்குத் துணையாக வரட்டும். ஆனால் அந்தப் புதுப் பெயரை எங்களுக்கு ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. எழுத வேண்டாம், அனுப்பவும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். நாங்கள் எங்கேயும் குறித்துவைக்க மாட்டோம். உனக்காக வேண்டிக்கொள்ள எங்களுக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பா என் பக்கத்தில் நிற்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார், கேட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா