பின்பக்கமாக ஓடிய வண்டி

என் ஆசை ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று டியூட்டி முடிந்து ஒக்கலிபுரம் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் லேபிலிருந்து மஞ்சுநாத் போன் செய்தார். உனக்குச் சொல்லவேண்டிய சேதியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எனக்குச் சொன்னார்.

செவ்வாய்க் கிரகத்தில் தொண்ணூறு நாள் ஓடினால் போதும் என்று வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய அந்த வண்டி, நாலாவது வருஷமும் ஓடுகிறதாம் அக்கா. முன்சக்கரம் ஒன்று சுற்றாமல் நின்றுபோனதால் பின்பக்கமாகவே ஓட்டுகிறார்களே, அந்தச் சக்கரம் தரையைக் கீறிக்கொண்டே போனதில் அடியிலிருந்து வெள்ளை மண் வெளியே வந்திருக்கிறதாம். ஒரு காலத்தில் அங்கே வெந்நீர் இருந்திருக்கலாம் என்கிறார்களாம். "மேடம் இருந்திருந்தா குதிச்சிருப்பாங்க" என்றார் மஞ்சுநாத்.

உன் வண்டியை நான் மொத்தம் ஒரு தடவைதான் பார்த்தேன். ஷெட்டுக்குள் மணல் கொட்டி, வேறொரு கிரகத்தில் இருப்பதுபோல நீங்கள் ஓட்டிப் பார்த்த ஆறு சக்கர வண்டி. மூன்று மாதச் சோதனை என்று ஆரம்பித்ததை நீ இரண்டு வருஷத்துக்கு இழுத்தாய். எது கெட்டாலும் கை வைக்க விடமாட்டாய். உன் மேனேஜர் "ரெண்டு நிமிஷ வேலைம்மா, கழட்டி மாட்டிடலாம்" என்பாராம். "அங்க போய் யார் சார் ஸ்பேனர் பிடிப்பாங்க?" என்று நீ கேட்பாயாம். சாப்பிடும்போது நீ சொல்லிச் சிரித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அதன் சக்கரமும் ஒன்று இறுகி நின்றது, உனக்கு ஸ்கேன் எடுக்க நான் நாள் வாங்கியிருந்த அதே காலையில். உன் வயிறு உப்பிக்கொண்டே போனதையும், நாலு வாய்க்கு மேல் நீ சாப்பிடாததையும் கவனிக்க எனக்கே ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் நர்ஸ்.

"சோதனையை முடிச்சிடலாம்னு சொல்றாங்கடி. ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன். ஸ்கேனை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"அக்கா, அது இரும்பு. நீ மனுஷி."

"ஒரு வாரம்தானே ஜூலி."

ஒரு வாரம் இரண்டானது. பின்பக்கமாக ஓட்டினால் உன் வண்டி மணலில் புதைந்தது. கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, கோணத்தை மாற்றி, மறுபடி நகர்த்தி என்று நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். குழம்பை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருத்தி பேசவில்லை என்றால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் உனக்கு?

அந்தச் சனிக்கிழமை நீதான் என்னை வலுக்கட்டாயமாக ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். "பாரு, பாருடி, நொண்டிக்கிட்டே போகுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு, மணலில் ஒரு கோடு போட்டபடி, அது பின்பக்கமாக மேட்டில் ஏறியது. மஞ்சுநாத் கை தட்டினார். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு, "பாத்தாச்சு. இப்பவாவது ஸ்கேனுக்கு வருவியா?" என்றேன். உன் கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

திங்கட்கிழமை ஸ்கேன். கர்ப்பப்பை பக்கத்தில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவியிருந்தது. "ரெண்டு வாரத்துல எதுவும் மாறியிருக்காது, சிஸ்டர்" என்றார் டாக்டர். எத்தனை நோயாளிகளின் வீட்டாரிடம் நானே இப்படிச் சொல்லியிருக்கிறேன்! உண்மை என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறேன், தெரியாமலும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவர் சொன்னது எந்த வகை? கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

ஐந்து மாதம் இருந்தாய். கடைசி வாரம் வரைக்கும் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ஓட்டாதீங்க, பேட்டரி ஏறட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மார்ஃபின் கொடுத்த பிறகு தூக்கத்தில் கூட ஏதோ எண்களைச் சொன்னாய். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "போடி பைத்தியம்" என்றிருப்பாய். அந்த வார்த்தைக்காகவாவது கேட்டிருக்கலாம்.

நீ போன மறு மாதமே ஷெட்டைக் காலி செய்துவிட்டார்கள். வண்டியைப் பிரித்து மோட்டார்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். நீ எழுதி வைத்த குறிப்புகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன என்கிறார் மஞ்சுநாத். அடுத்த வண்டிக்கு வேலை ஆரம்பித்தபோது முதலில் அவற்றைத்தான் எடுத்துப் படித்தார்களாம்.

கோலார் தங்கவயலில் அம்மா இன்னும் பக்கத்து வீட்டாரிடம், பெரியவள் ஏதோ கார் கம்பெனியில் இருந்தாள் என்றுதான் சொல்கிறாள். "சீக்கிரம் காட்டியிருந்தா பொழைச்சிருப்பாளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன் அக்கா. சர்ச் முடிந்து வந்ததும் அம்மாவை உட்காரவைத்து எல்லாம் சொல்லிவிடுவேன். இரண்டு வாரம் தள்ளிப்போனது, நான் பேசாமல் இருந்தது, எதையும் மறைக்கமாட்டேன். அழட்டும், திட்டட்டும். அந்த மேட்டில் வண்டி ஏறியபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுவேன். பார்க்காத மாதிரி நின்றேனே தவிர, நான் பார்த்தேன் அக்கா. நம் வீட்டில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கும் அது தெரியவேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜூலி